ஆட்சேபணை

வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கின வருஷம்
வேட்புமனுவில் அவள் பேரை நான்தான் எழுதினேன்.
லோகாம்பாள், வயது முப்பத்தொன்று.
கையெழுத்துப் போடுமுன் ஒன்றுதான் கேட்டாள்:
"மீனு ஆஞ்ச கையி, மை ஒட்டுமா?"

கொருக்குப்பேட்டை முழுக்க ஊதாக் கொடி.
ஜெயித்தாள். மாலை எனக்கு விழுந்தது.
சீல் என் சட்டைப்பையில், போன் என் காதில்,
"கவுன்சிலர் அண்ணே" என்றார்கள் என்னை.
அவள் உள்ளே
வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டாள், இரண்டு வருஷம்.

மூன்றாம் வருஷம் குழாயில் மஞ்சளாக வந்தது.
மண்ணப்பன் தெருவில் நாலு பிள்ளைகளுக்கு வாந்திபேதி.
ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து
முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்
மன்றக் கூட்டத்தில் மேசைமேல் வைத்தாள்.
"குச்சிக் காட்டுங்க" என்றாளாம்.
ஆளுங்கட்சி நாங்கள்தான்.
எங்கள் வரிசையில் ஒருத்தர் இருமக்கூட இல்லை.

ராத்திரி மாவட்டம் கூப்பிட்டுக் கேட்டார்:
"உன் வூட்டு அடுப்ப உன்னால அணைக்க முடியலையா?"
அணைக்கத்தான் வந்தேன்.
வாசலிலேயே கையை நீட்டி
சீலைக் கேட்டாள்.
கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று
இன்றைக்கும் தெரியவில்லை.

ஆடி மாதம், நல்ல நாள்கூடப் பார்க்காமல்,
அரக்குக் கரைச் சேலையில் மேடையேறினாள்.
கரை மாறிவிட்டாள் என்றது ஊர்.
எங்களுக்குக் கரை என்றால் வேட்டியில் நாலு விரல்.
அவள் காசிமேட்டில் பிறந்தவள்.
"போட்டு எந்தக் கரைல ஏறுனா இன்னா,
வலைல எதனா இருக்கணும்ல?" என்றாள்.
பதில் சொல்ல எனக்குத் தலைமையின் அனுமதி இல்லை.

மொட்டைமாடியில் இரண்டு கம்பம் ஆயிற்று.
துணிக்கயிற்றில் மட்டும்
அவள் சேலையும் என் வேட்டியும் ஒரே கிளிப்பில்.
சாயம் போனது என்னவோ என்னுடையதுதான்.

அடுத்த தேர்தலில் மாநகராட்சியே அரக்கு.
மறுபடி அவள், மறுபடி பாட்டில்.
இந்தத் தடவை அவள் பக்கத்திலிருந்தே சிரித்தார்கள்:
"அக்கா, இப்ப அது நம்ம தண்ணி."
டெண்டர் விட்டார்கள். பள்ளம் வெட்டினார்கள்.
பள்ளத்தில் ஒரு கன்டெய்னர் லாரி
சக்கரம் இறங்கி மூன்று நாள் கிடந்தது.
குழாய் வரவில்லை.
அவள் பள்ளத்தின் விளிம்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்,
சொந்தக் கட்சிக்கு எதிராக,
மழையில்.

நீக்கினார்கள்.
"துரோகி" என்று சுவரில் எழுதச் சொன்னது எங்கள் வட்டம்.
பக்கத்திலேயே "நன்றி கெட்டவள்", அது அவர்கள் வட்டம்.
பெயின்டர் ஒருத்தன்தான், எழுத்தின் வளைவில் தெரிந்தது.
என் வீட்டுச் சுவர் அது.
கூலியும் பாதி நான்தான் கொடுத்தேன்.

மூன்றாவது முறை சுயேச்சை.
தண்ணீர்க் குழாய்ச் சின்னம் கேட்டாள்,
குலுக்கலில் இஸ்திரிப் பெட்டி விழுந்தது.
தனி ஆளாக ஒரு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
ரயில்வே கேட் மூடும்போதெல்லாம்
நிற்கிற வண்டிகளிடம் ஓட்டுக் கேட்டாள்.
கூட்ஸ் நீளமாக இருந்தால் அவளுக்கு நல்ல நாள்.
அறுநூற்றுப் பதினொன்று. டெபாசிட் போனது.
அதில் ஒரு ஓட்டைப் பற்றி
என்னிடம் யாரும் கேட்க வேண்டாம்.

ஓட்டுப் போட்ட அன்று
ஊதாவின் ஏஜென்ட் நான், பெஞ்சின் இந்த முனையில்.
அந்த முனையில் அரக்குப் பையன்.
அவளுக்கு ஏஜென்ட் இல்லை.
பதினொன்றரைக்கு வரிசையில் வந்தாள்.
அலுவலர் சத்தமாக வாசித்தார்:
"நானூற்றுப் பன்னிரண்டு. லோகாம்பாள்.
கணவர் பெயர்..."
என் பெயரைச் சொன்னார்.
அரக்குப் பையன் குனிந்து, கீழே விழாத பேனாவைத் தேடினான்.
"ஆட்சேபணை உண்டா?"

பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில்
இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை.
தொண்டையைச் செருமிக்கொண்டு
இல்லை என்றேன்.

மை வைத்துக்கொண்டு, பொத்தானை அமுக்கிவிட்டு,
வெளியே போகிறவள் என் பக்கம் குனிந்தாள்:
"மோட்டார் போட்டுட்டு வந்துட்டேன்,
நிறுத்தல."

"ஏஜென்ட்கிட்டப் பேசக் கூடாதும்மா"
என்றார் அலுவலர்.